டேட்டாபேஸ் எழுதும் சிட்டை, நாம் எழுத வேண்டிய சிட்டை

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஃபோல்டருக்குள் ஒரு காலத்தில் 'பிஜி எக்ஸ்லாக்' என்ற பெயரில் ஓர் உள்ஃபோல்டர் இருந்தது. சர்வரில் இடம் தீரும். யாராவது அவசரமாக உள்ளே போய், எது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடுவார். பெயரில் 'லாக்' என்று இருக்கும், அளவும் பல ஜிபி இருக்கும். பழைய லாக்தானே என்று அழித்துவிடுவார். இடம் கிடைத்துவிடும், ஆனால் டேட்டாபேஸ் அப்புறம் எழுந்திருக்காது. இப்படிப் பலருக்கும் நடந்ததால், 2017 அக்டோபரில் வந்த 10ஆம் பதிப்பில் அந்த ஃபோல்டரின் பெயரையே 'பிஜி வால்' என்று மாற்றினார்கள். 'பிஜி சிலாக்' என்று இருந்த இன்னொன்று 'பிஜி எக்ஸாக்ட்' ஆனது. பெயரை மாற்றினால் அதை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் எல்லாம் உடையும். அது தெரிந்தும் மாற்றினார்கள்.

அலுவலகத்தில் புதிதாக ஒரு டேட்டாபேஸ் சர்வரை உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு வேலைகள் உங்களுக்கு வந்து சேரும். ஒன்று, லாக் ஃபைல்களைப் பத்திரமாக ஆர்க்கைவ் செய்வது. மற்றொன்று, செட்டிங்குகளைத் தேவைக்கேற்ப மாற்றுவது. இரண்டும் தனித்தனி வேலைகள் போலத் தெரிந்தாலும் ஒன்றோடொன்று பின்னியவை. போஸ்ட்கிரெஸை வைத்தே சொல்கிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். ஆரக்கிளிலும் டிபி2விலும் பெயர்கள் மாறும், அடிப்படை இதேதான்.

எந்த லாக்?

ஒரு டேட்டாபேஸ் சர்வரில் 'லாக்' என்று சொன்னால் இரண்டு அர்த்தம். முதலாவது, நாம் படிக்கக்கூடிய எழுத்து லாக். யார் உள்ளே வந்தார்கள், எந்தக் கட்டளை பிழையானது, சர்வர் எப்போது நின்றது என்பதெல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். அதை அழித்தால் சில தகவல்கள் போகும், டேட்டாவுக்கு ஆபத்து இல்லை. இரண்டாவது, டேட்டாபேஸ் தனக்காகவே எழுதிக்கொள்ளும் 'ரைட் அஹெட் லாக்'. சுருக்கமாக 'வால்'. நம் மொழியில் வால் பின்னால் வருவது. இங்கே அது முன்னால் போவது, அதாவது எந்த மாற்றமும் டேட்டா ஃபைலுக்குப் போகும் முன் முதலில் எழுதப்படுவது இதில்தான். ஆர்க்கைவ் செய்வது என்று இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் இந்த வாலைத்தான்.

பழைய மளிகைக்கடையிலோ ஜவுளிக்கடையிலோ கணக்கு எழுதுவதைப் பார்த்திருந்தால் இது எளிதாகப் புரியும். வியாபாரம் நடக்கும்போது ஒவ்வொன்றையும் வந்த வரிசையிலேயே சிட்டையில் எழுதுவார்கள். யார் பெயரில் எவ்வளவு பாக்கி என்பது பேரேட்டில் இருக்கும். கூட்டம் நிற்கும் நேரத்தில் பேரேட்டைப் புரட்டி ஒவ்வொருவர் பக்கமாகத் தேடி எழுத முடியாது. சிட்டையில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், கடையை அடைத்தபின் பேரேட்டுக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

போஸ்ட்கிரெஸ் செய்வதும் இதுதான். டேட்டா என்பது 8 கேபி அளவுள்ள பக்கங்களாக டிஸ்கில் சிதறிக் கிடக்கிறது. நீங்கள் ஒரு மாற்றத்தை 'கமிட்' செய்யும்போது அந்தப் பக்கங்கள் நினைவகத்தில் மட்டுமே மாறியிருக்கும். ஆனால் அந்த மாற்றத்தின் குறிப்பு வாலில் எழுதப்பட்டு, டிஸ்கில் உண்மையிலேயே பதிந்தபின்தான் 'முடிந்தது' என்று பதில் வரும். மாறிய பக்கங்களை டேட்டா ஃபைல்களில் ஏற்றும் வேலை நிதானமாக நடக்கும், அதற்குச் செக்பாயிண்ட் என்று பெயர். நீங்கள் ஒன்றும் மாற்றாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. நடுவில் கரண்ட் போனால்? மீண்டும் எழும்போது கடைசிச் செக்பாயிண்டிலிருந்து வாலைப் படித்து, விட்டுப்போனதை எல்லாம் திரும்ப ஏற்றிக்கொள்ளும். அந்த வாலை ஒருவர் அழித்துவிட்டார் என்றால், ஏற்ற வேண்டிய கணக்கு எதுவென்றே அதற்குத் தெரியாது. முதல் பத்தியில் சொன்ன சர்வர் எழுந்திருக்காததற்குக் காரணம் இதுதான்.

வால் ஒரே நீளமான ஃபைலாக இருப்பதில்லை. 16 எம்பி கொண்ட துண்டுகளாக இருக்கும். ஒவ்வொன்றின் பெயரும் 24 இலக்கம், 000000010000000000000001 என்பதுபோல. முதல் 8 இலக்கம் 'டைம்லைன்' எண், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது முக்கியமான இடம். செக்பாயிண்ட் முடிந்ததும் பழைய துண்டுகள் சர்வருக்குத் தேவையில்லை. அவற்றின் பெயரை மாற்றி, புதிதாக எழுதுவதற்கு அதே ஃபைல்களை எடுத்துக்கொள்ளும். சிட்டையின் பழைய பக்கங்களை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதுவது போல. நேற்று மாலை என்ன நடந்தது என்ற வரலாறு அத்தோடு போயிற்று. அப்படி மேலே எழுதும் முன் ஒவ்வொரு துண்டையும் வேறொரு இடத்துக்கு நகல் எடுத்துவைப்பதுதான் ஆர்க்கைவ்.

தினமும் இரவு பேக்கப் எடுக்கிறோமே, அது போதாதா என்று கேட்பார்கள். இரவு 2 மணிக்கு பேக்கப் எடுத்தீர்கள். மறுநாள் மாலை 4 மணிக்கு ஒருவர் நிபந்தனை எழுத மறந்து 'டெலீட்' கொடுத்துவிட்டார், ஆர்டர் டேபிள் முழுக்கக் காலி. இரவு பேக்கப்புக்குத் திரும்பினால் 14 மணி நேர வேலை போய்விடும். பக்கத்தில் ஒரு ரெப்ளிகா சர்வர் (முதன்மை சர்வரின் மாற்றங்களை உடனுக்குடன் பிரதி எடுப்பது) இருந்தாலும் பயனில்லை, அந்த டெலீட் சில நொடிகளில் அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் ஒரு முழு நகலும், அதற்குப் பிறகான எல்லா வால் துண்டுகளும் கையில் இருந்தால், 3 மணி 59 நிமிடம் வரை வந்து நில் என்று சொல்ல முடியும். போஸ்ட்கிரெஸில் 2005இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. இது இல்லாத சர்வரில் மற்றவர்களின் டேட்டாவை வைத்திருப்பது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நகல் எடுக்கும் கட்டளை

மூன்று செட்டிங்குகள்தான் வேண்டும். 'வால் லெவல்' என்பது ரெப்ளிகா என்று இருக்க வேண்டும், 10ஆம் பதிப்பிலிருந்து அது தானாகவே அப்படித்தான் இருக்கிறது. 'ஆர்க்கைவ் மோட்' ஆன் ஆக வேண்டும். மூன்றாவது, 'ஆர்க்கைவ் கமாண்ட்'. செட்டிங் ஃபைலில் எழுதும்போது சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் அடிக்கோடு போட்டுச் சேர்க்க வேண்டும்.

இந்த மூன்றாவதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் நிறைந்ததும் நீங்கள் எழுதிய கட்டளையை சர்வர் ஓட்டும். %பி என்ற இடத்தில் துண்டு இருக்கும் பாதையையும், %எஃப் என்ற இடத்தில் அதன் பெயரையும் நிரப்பிக்கொள்ளும் (அந்த பி, எஃப் இரண்டும் ஃபைலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகள்). எப்படி நகல் எடுக்கிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள் என்பதில் சர்வர் தலையிடாது. அது எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று: கட்டளை முடியும்போது பூஜ்யம் திருப்பினால் 'பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது', வேறு எது வந்தாலும் 'போகவில்லை'. பூஜ்யம் வந்த அடுத்த நிமிடமே அந்தத் துண்டின் மேல் எழுதிவிட அதற்கு உரிமை உண்டு. ஆகவே பொய்யாகப் பூஜ்யம் திருப்பும் கட்டளை போல ஆபத்தானது வேறில்லை. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் ஏதோ ஒரு செய்தியை அச்சடித்துவிட்டு முடித்தால், நகல் எடுப்பது தோற்றிருந்தாலும் பூஜ்யம்தான் திரும்பும். புதியவர்கள் அதிகம் விழுகிற குழி இது.

போஸ்ட்கிரெஸ் கையேடு தரும் மாதிரிக் கட்டளை, முதலில் அதே பெயரில் ஆர்க்கைவில் ஒரு ஃபைல் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் மட்டும் நகல் எடுக்கும். எதற்கு அந்தச் சோதனை என்று தோன்றும். இரண்டு சர்வர்கள் தவறுதலாக ஒரே ஆர்க்கைவுக்கு எழுத ஆரம்பித்தால், ஒன்றின் வரலாற்றை மற்றது அழித்துவிடாமல் காப்பது அந்தச் சோதனைதான். உண்மையான வேலைக்கு இந்தச் சாதாரணக் கட்டளையை நான் பரிந்துரைக்க மாட்டேன். நகல் எடுத்தது டிஸ்கில் உண்மையாகவே பதிந்ததா என்பதை அது உறுதி செய்வதில்லை. பிஜிபேக்ரெஸ்ட், பார்மன், வால்-ஜி போன்ற கருவிகள் அதையும் பார்த்து, சுருக்கி, வேண்டுமானால் கிளவுட் சேமிப்பிலும் கொண்டுபோய் வைக்கும். ஆனாலும் முதலில் ஒரு சோதனைக் கணினியில் சாதாரணக் கட்டளையை வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பிஜி வால் ஃபோல்டருக்குள் 'ஆர்க்கைவ் ஸ்டேட்டஸ்' என்று ஓர் உள்ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் அதில் 'ரெடி' என்று ஒரு சின்ன ஃபைல் தோன்றி, நகல் போனதும் 'டன்' என்று மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது.

நகல் போகாவிட்டால் என்ன ஆகும்? சர்வர் விடாது. மூன்று முறை முயலும், ஒரு நிமிடம் பொறுத்து மறுபடியும் முயலும், இப்படியே எத்தனை நாளானாலும். அதுவரை எந்தத் துண்டையும் அழிக்காது. பிஜி வால் ஃபோல்டர் பெருத்துக்கொண்டே போகும். டிஸ்க் நிறைந்தால் சர்வர் நின்றுவிடும். வரலாற்றைத் தொலைப்பதைவிட நிற்பது மேல் என்பது அதன் தீர்மானம், அது சரியான தீர்மானம்தான்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது நடந்தது. ஆர்க்கைவ் வைத்திருந்த கணினியில் பாதுகாப்புக்காக நுழைவுச் சாவிகளை மாற்றினார்கள். மாற்றியவருக்கு டேட்டாபேஸ் சர்வர் அதைப் பயன்படுத்துவது தெரியாது, எங்களிடமும் யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு துண்டும் போகவில்லை. அப்ளிகேஷன் ஒரு குறையும் இல்லாமல் ஓடியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எழுத்து லாகில் நிமிடத்துக்கு நிமிடம் பிழை பதிவாகிக்கொண்டே இருந்தது, அதைப் படிக்க ஆள் இல்லை. பன்னிரண்டாம் நாள் மதியம் டிஸ்க் நிறைந்து எல்லாம் நின்றது. பிஜி வாலுக்குள் போய்ப் பழைய ஃபைல்களை அழிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். என்னைவிட மூத்தவரான அண்ணன் ஒருவர் 'அதில் கை வைக்காதே, டிஸ்கைப் பெரிசாக்கு' என்றார். டிஸ்கில் கூடுதலாக 20 ஜிபி சேர்த்து, சர்வரை எழுப்பி, புதிய சாவியைக் கொடுத்தோம். தேங்கியிருந்தவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. ஒரு துண்டும் தொலையவில்லை. சர்வர் ஓடினால்தான் ஆர்க்கைவும் ஓடும், ஆகவே முதலில் அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் அந்த டிஸ்கிலேயே ஒன்றுக்கும் உதவாத 2 ஜிபி ஃபைல் ஒன்றை முன்கூட்டியே போட்டுவைத்துவிடுகிறேன். அவசரத்துக்கு அழிக்க அதுதான்.

அன்றே பார்த்திருக்க முடியுமா? முடியும். 'பிஜி ஸ்டாட் ஆர்க்கைவர்' என்று ஒரு வியூ (டேபிள் போலக் கேட்டுப் பார்க்கக்கூடியது) இருக்கிறது. கடைசியாகப் போன துண்டு எது, எப்போது போனது, எத்தனை முறை தோற்றது, கடைசித் தோல்வி எப்போது என்று ஒரே வரியில் சொல்லும். கடைசித் தோல்வியின் நேரம் கடைசி வெற்றியின் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் உங்கள் கைபேசிக்குச் செய்தி வர வேண்டும். இந்த ஒரு எச்சரிக்கையை வைக்காமல் ஆர்க்கைவை ஆன் செய்வதில் அர்த்தமே இல்லை.

ஆள் நடமாட்டம் குறைந்த சர்வராக இருந்தால் இன்னொரு விஷயமும் உண்டு. 16 எம்பி நிறைந்தால்தான் துண்டு போகும். இரவில் அது நிறையப் பல மணி நேரம் ஆகலாம், அதுவரைக்குமான மாற்றங்கள் ஆர்க்கைவில் இருக்காது. 'ஆர்க்கைவ் டைம்அவுட்' செட்டிங்கில் 60 நொடி என்று வைத்தால், நிறையாவிட்டாலும் நிமிடத்துக்கு ஒரு துண்டை முடித்து அனுப்பும். கணக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பாதி நிறைந்த துண்டும் 16 எம்பிதான். நாள் முழுக்க ஏதாவது எழுதிக்கொண்டே இருந்தால் 1,440 துண்டுகள், 22 ஜிபிக்கும் மேல். சுருக்கி வைத்தால் பெருமளவு குறையும்.

ஆர்க்கைவும் ஒருநாள் நிறையும். அங்கே அழிக்கலாம், ஆனால் ஒரு விதியோடு. உங்களிடம் இருக்கும் மிகப் பழைய முழு நகல் எந்தத் துண்டிலிருந்து தொடங்குகிறதோ, அதற்கு முந்தியவற்றை மட்டும்தான் அழிக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு துண்டு இல்லாவிட்டாலும் மீட்பு அங்கேயே நின்றுவிடும், அதற்குப் பின்னால் ஆயிரம் துண்டுகள் இருந்தாலும் தொட முடியாது.

செட்டிங்கை மாற்றும்போது

ஆர்க்கைவ் கமாண்ட் என்பதே ஒரு செட்டிங்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். சர்வரைக் காப்பாற்றும் அந்த ஒரு வரி ஒரு சாதாரண எழுத்து ஃபைலில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். இங்கேதான் இரண்டு வேலைகளும் ஒன்றாகின்றன. இன்னும் ஆழமான ஒரு தொடர்பும் உண்டு. டேட்டாபேஸில் நடக்கும் அத்தனை மாற்றங்களையும் வால் எழுதிவைக்கிறது, செட்டிங் ஃபைல்களில் நடக்கும் மாற்றங்களை மட்டும் எழுதுவதில்லை. ஆர்க்கைவிலிருந்து நேற்றைய டேட்டாவை மீட்கலாம், நேற்றைய செட்டிங்கை மீட்க முடியாது. அந்தச் சிட்டையை நாம்தான் எழுத வேண்டும்.

உபுண்டு, டெபியன் கணினிகளில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. அங்கே செட்டிங் ஃபைல்கள் டேட்டா ஃபோல்டருக்குள் இருப்பதில்லை, 'ஈடிசி' ஃபோல்டரின் கீழே இருக்கும். பேஸ் பேக்கப், அதாவது மேலே சொன்ன முழு நகல், எடுத்தால் டேட்டா ஃபோல்டர் மட்டும்தான் வரும். சர்வரே எரிந்துபோய்ப் புதுக் கணினியில் மீட்கும் நாளில், யார் எங்கிருந்து உள்ளே வரலாம் என்ற விதிகள் கூடக் கையில் இருக்காது. ஈடிசி ஃபோல்டரையும் தனியாக எடுத்துவையுங்கள்.

ஒரு செட்டிங்கை மாற்றும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது எப்போது நடைமுறைக்கு வரும்? சிலவற்றுக்கு 'ரீலோட்' (ஓடும்போதே செட்டிங் ஃபைலை மறுபடி படிக்கச் சொல்வது) போதும், யாருடைய வேலையும் தடைபடாது. சிலவற்றுக்கு சர்வரை நிறுத்தி எழுப்ப வேண்டும். 'பிஜி செட்டிங்ஸ்' வியூவில் 'கான்டெக்ஸ்ட்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள். 'சிக்ஹப்' என்று இருந்தால் ரீலோட் போதும், 'போஸ்ட்மாஸ்டர்' என்று இருந்தால் ரீஸ்டார்ட் வேண்டும். ஆர்க்கைவ் கமாண்ட் முதல் வகை, ஆர்க்கைவ் மோட் இரண்டாம் வகை. ஆகவே சர்வரை அமைக்கும் முதல் நாளிலேயே ஆர்க்கைவ் மோடை ஆன் செய்துவிடுவது நல்லது. ஆனால் கமாண்டைக் காலியாக விட்டுவிடாதீர்கள். மோட் ஆன், கமாண்ட் காலி என்றால், பின்னால் யாரோ எழுதுவார்கள் என்று நம்பி சர்வர் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது கேள்வி: இந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது? முதன்மை செட்டிங் ஃபைலில் ஒரு மதிப்பை மாற்றுகிறீர்கள், ரீலோட் செய்கிறீர்கள், ஒன்றும் மாறவில்லை. காரணம், 2014இல் 9.4 பதிப்போடு வந்த 'ஆல்டர் சிஸ்டம்' கட்டளையாக இருக்கலாம். டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்கியூஎல்லிலிருந்தே செட்டிங்கை மாற்ற அது உதவுகிறது, ஆனால் மதிப்பை 'ஆட்டோ' என்ற வேறொரு ஃபைலில் எழுதிவைக்கிறது. இரண்டிலும் ஒரே செட்டிங் இருந்தால் ஆட்டோ ஃபைல் சொல்வதே செல்லும். ஒருவர் ஒரு வழியிலும் இன்னொருவர் மற்ற வழியிலும் மாற்றினால் குழப்பம்தான். ஓர் அணியில் ஒரே வழி என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது ஃபைல் வழி. அதில் ஒவ்வொரு வரிக்கும் மேலே தேதியும் காரணமும் எழுத முடியும், மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் 'கிட்' கருவியில் வைக்க முடியும். ஆல்டர் சிஸ்டம் மதிப்பை மட்டும் வைத்திருக்கும், ஏன் மாற்றினோம் என்பதற்கு அதில் இடமில்லை. ஆறு மாதம் கழித்து நமக்குத் தேவைப்படுவது அந்த 'ஏன்' தான்.

அளவைக் குறிக்கும்போதும் ஜாக்கிரதை. டேட்டா பக்கங்களுக்காக ஒதுக்கும் நினைவகமான 'ஷேர்டு பஃபர்ஸ்' என்பதற்கு 128 என்று மட்டும் எழுதினால் அது 128 எம்பி ஆகாது. அலகு இல்லாவிட்டால் 8 கேபி பக்கங்களாகக் கணக்கிடும், அதாவது வெறும் 1 எம்பி. எம்பி என்பதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில்தான் எழுத வேண்டும், சிறிய எழுத்தில் எழுதினால் ஏற்காது.

ஏற்காவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் நயவஞ்சகமான பகுதி. ஃபைலில் ஒரு பிழை இருக்கும்போது ரீலோட் செய்தால் சர்வர் நிற்காது. எழுத்து லாகில் பிழையைக் குறித்துவிட்டு, பழைய மதிப்புகளோடு தொடர்ந்து ஓடும். நீங்கள் மாற்றம் நடந்துவிட்டதாக நினைத்துப் போய்விடுவீர்கள். மாதங்கள் கழித்து நள்ளிரவில் வேறு காரணத்துக்காகக் கணினியை ரீஸ்டார்ட் செய்யும்போது, அந்தப் பிழையால் டேட்டாபேஸ் எழ மறுக்கும். அந்த நேரத்தில் அங்கே இருப்பவருக்கு அந்த வரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைத் தடுக்க 'பிஜி ஃபைல் செட்டிங்ஸ்' என்ற வியூ இருக்கிறது. ரீலோட் செய்யும் முன்பே ஃபைலைப் படித்து, எந்த வரியில் என்ன பிழை என்று சொல்லிவிடும். மாற்றியபின் பிஜி செட்டிங்ஸில் 'பெண்டிங் ரீஸ்டார்ட்' என்ற நெடுவரிசையையும் பாருங்கள். ஃபைலில் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் வேறொன்று என்றால் அங்கே தெரியும். எழுத்து லாகிலும் எந்தச் செட்டிங் எந்த மதிப்புக்கு மாறியது என்று ரீலோடின்போது ஒரு வரி வரும். அந்த வரியைக் கண்ணால் பார்த்தபின்தான் எழுந்து போக வேண்டும்.

2017 ஜனவரி 31

மென்பொருள் குறியீடுகளைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் அன்று இரவு நடந்ததை அவர்களே ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன அத்தனையும் ஒரே இரவில் வந்து கூடிய நிகழ்வு அது.

அவர்களுக்கு ஒரு முதன்மை டேட்டாபேஸ், ஒரு ரெப்ளிகா. அன்று சுமை ஏறியதால் ரெப்ளிகா பின்தங்கியது. அதற்குத் தேவையான வால் துண்டுகளை முதன்மை சர்வர் அதற்குள் அழித்துவிட்டிருந்தது. ஆர்க்கைவ் இருந்திருந்தால் ரெப்ளிகா அங்கிருந்து எடுத்துக்கொண்டு தானே எட்டிப்பிடித்திருக்கும். கிட்லேப் வால் ஆர்க்கைவைப் பயன்படுத்தவில்லை. ஆகவே ரெப்ளிகாவின் டேட்டாவை முழுக்க அழித்து, முதலிலிருந்து நகலெடுக்கும் வேலையைக் கையால் தொடங்கினார்கள். அதற்காக, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு வாலை அனுப்பலாம் என்று சொல்லும் 'மேக்ஸ் வால் சென்டர்ஸ்' என்ற செட்டிங்கை உயர்த்தினார்கள். இதற்கு ரீஸ்டார்ட் வேண்டும். ரீஸ்டார்ட் செய்தால் போஸ்ட்கிரெஸ் எழ மறுத்தது. காரணம், ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் என்று சொல்லும் 'மேக்ஸ் கனெக்ஷன்ஸ்' 8,000 என்று இருந்தது. ஏறக்குறைய ஒரு வருடமாக அந்த மதிப்போடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை 2,000க்குக் குறைத்தபின் எழுந்தது. அப்போதும் நகலெடுக்கும் கட்டளை ஒரு பதிலும் சொல்லாமல் நின்றது. ரெப்ளிகாவில் மிச்சமிருக்கும் ஃபோல்டர்தான் தடை என்று எண்ணி, பொறியாளர் ஒருவர் அதை அழித்தார். அழித்தது முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியது.

அன்றாட பேக்கப்பைத் தேடினால் அதுவும் இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் கருவியோ 9.2 பதிப்பாக ஓடி, ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் சென்று சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் ஒரு பொறியாளர் வேறொரு சோதனைக்காகக் கையால் எடுத்த டிஸ்க் ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அந்த நேரத்து நகல்) மட்டும் இருந்ததால் தப்பித்தார்கள். அந்த இடைவெளியில் உருவான சுமார் 5,000 புராஜெக்டுகள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் போயின.

தவறான சர்வரில் அழித்தவரை மட்டும் பேசுவார்கள். களைத்த கை தவறுவது மனித இயல்பு. என் கண்ணில் நிற்பது அந்த 8,000 தான். ஒரு வருடமாக அமைதியாக ஓடிய ஒரு மதிப்பு, மிக மோசமான இரவில் ஒரு ரீஸ்டார்ட்டின்போது குறுக்கே வந்து நின்றது. ஒரு செட்டிங்கை மாற்றியபின், உங்களுக்கு வசதியான ஒரு பகல் நேரத்தில் நீங்களே ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒத்திகை

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மீட்டுப் பாருங்கள். தனிக் கணினியில், அதே போஸ்ட்கிரெஸ் பதிப்போடு. முழு நகலை அங்கே இறக்குங்கள். 'ரெஸ்டோர் கமாண்ட்' என்பதில் ஆர்க்கைவிலிருந்து துண்டை எடுத்துவரும் கட்டளையை எழுதுங்கள். 'ரெக்கவரி டார்கெட் டைம்' என்பதில் எந்த நேரம் வரை வேண்டும் என்று எழுதுங்கள். நேரத்தோடு +05:30 என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும், நீங்கள் மாலை 3:59 என்று எழுதுவது நம் நேரப்படி இரவு 9:29 ஆகிவிடும். பிறகு டேட்டா ஃபோல்டரில் 'ரெக்கவரி.சிக்னல்' என்ற பெயரில் ஒரு காலி ஃபைலை உருவாக்கி சர்வரை எழுப்புங்கள். 12ஆம் பதிப்புக்கு முன் இதற்கென்று தனி ஃபைல் ஒன்று இருந்தது, பழைய குறிப்புகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எழுப்பும் முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். உண்மையான சர்வரின் செட்டிங்கை அப்படியே கொண்டுவந்திருந்தால், ஆர்க்கைவ் கமாண்டும் கூடவே வந்திருக்கும். ஒத்திகைக் கணினி மீண்டு எழுந்ததும் தன் துண்டுகளை உண்மையான ஆர்க்கைவுக்கே அனுப்பத் தொடங்கிவிடும். ஆர்க்கைவ் மோடை அங்கே ஆஃப் செய்துவிடுங்கள்.

எழுத்து லாகைத் திறந்துவைத்துப் பார்த்தால், ஒவ்வொரு துண்டாக ஆர்க்கைவிலிருந்து வந்து ஏறுவது வரி வரியாகத் தெரியும். குறித்த நேரம் வந்ததும் சர்வர் தானாக நின்று காத்திருக்கும், அந்த நிலையில் படிக்கலாம், எழுத முடியாது. ஆர்டர் டேபிளைத் திறந்து எண்ணிப் பாருங்கள். அந்த மாலை 3:59க்கு இருந்தவை எல்லாம் இருக்கின்றனவா? சரியாக இருந்தால் 'பிஜி வால் ரீப்ளே ரெஸ்யூம்' என்று சொல்லுங்கள். சர்வர் முழுதாக எழுந்து எழுத ஆரம்பிக்கும். இப்போது பிஜி வால் ஃபோல்டருக்குள் போய்ப் புதுத் துண்டுகளின் பெயரைப் பாருங்கள். முதல் 8 இலக்கம் 00000001 ஆக இருந்தது 00000002 ஆகியிருக்கும். டெலீட் நடந்த அந்த மாலை பழைய டைம்லைனில் அப்படியே இருக்கிறது. இது 3:59இலிருந்து தனியாகப் பிரிந்து, டெலீட் நடக்காமல் தொடரும் இன்னொரு மாலை.